தார் களிம்பும் கரண்டு எண்ணெயும்

போன மாதம் பெரம்பலூரிலிருந்து நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்த மருந்தாளுநர் அவள். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றாள். நான் எந்தத் தேர்தலிலும் நின்றதாக ஞாபகம் இல்லை. விசாரித்தேன். சொரியாசிஸ் என்கிற செதில் நோய்க்குப் புதிதாக ஒரு களிம்பு வந்திருக்கிறதாம். வெள்ளை வெளேரென்று, வாடையே இல்லாமல். மருந்துக் கம்பெனிக்காரர் வந்து அது வேலை செய்யும் விதத்தை விளக்கியிருக்கிறார். நம் தோலின் உயிரணுக்களுக்குள் ஓர் ஏற்பி இருக்கிறது, அதன் பெயர் ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி, புதுக் களிம்பு அதைத் தட்டி எழுப்பித்தான் நோயை அடக்குகிறது என்று சொல்லியிருக்கிறார்.

"கடைசியில அவரே சொல்றாருக்கா, பழைய தார் களிம்பும் இதே வழியிலதான் வேலை செஞ்சுதாம். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அந்த ஏற்பியப் பத்தி உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியும் என்றேன். புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு பெண்ணின் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்றேன். அந்தக் கதையைச் சொல்லச் சொன்னாள். போனில் சொன்னால் அவளுக்கு வேலை கெடும், எனக்குக் காது சுடும். எழுதி அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

என் பூர்வீகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வரதராஜன்பேட்டையில் பிறந்தேன். அப்பா பள்ளி ஆசிரியர். நான் டீச்சராக வேண்டும் என்பது அவர் ஆசை, சாக்பீஸ் தூள் எனக்குத் தும்மல் தரும் என்பது என் சாக்கு. திருச்சியில் மருந்தாளுநர் பட்டயம் படித்தேன். முதலில் அரியலூர்ப் பக்கம் சில ஆண்டுகள், பிறகு பெரம்பலூரில் ஓர் அரசு மருத்துவமனை. அங்கே தோல் நோய்ப் பிரிவுக்கு மருந்து கலந்து தரும் வேலை என் தலையில் விழுந்தது. வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்ததற்குக் காரணம்.

தார் களிம்பு கலப்பது சமையல் இல்லை, மல்யுத்தம். நிலக்கரியிலிருந்து வரும் தார் கன்னங்கரேலென்று, பாகு முற்றிப்போன வெல்லம் போல இருக்கும். அதை வாசலினில் அப்படியே போட்டுக் கிளறினால் கட்டி கட்டியாய் நிற்கும். கண்ணாடிப் பலகையில் தாரை முதலில் ஊற்றி, அதைப் பிரிக்கும் திரவம் சில சொட்டு விட்டு, தட்டைக் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு துத்தநாகப் பொடி. அதற்குப் பிறகுதான் வாசலின், அதுவும் சிறிது சிறிதாக. அவசரப்பட்டால் மொத்தமும் திரிந்துபோகும். முடித்ததும் வெளிச்சம் படாத டப்பாவில் அடைத்து, கையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு. அப்படியும் வாடை போகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர், "ரோடு போட்டு முடிச்சாச்சா? பஸ் விடலாமா?" என்பார். பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. அதை நான் வசதி என்றே எடுத்துக்கொண்டேன்.

வாங்கிப்போகும் நோயாளிகளிடம் ஒரு பாடம் ஒப்பிக்க வேண்டும். முடி சாயும் பக்கமாகவே பூச வேண்டும், எதிர்ப்பக்கம் தேய்த்தால் மயிர்க்கால் அடைத்துக்கொண்டு கொப்புளம் வரும். டாக்டர் சொன்ன இடத்தைத் தாண்டிப் பூசக் கூடாது, சொன்ன நாளைத் தாண்டியும் பூசக் கூடாது. தார் வைத்தியம்தான், ஆனால் விளையாட்டுச் சாமான் இல்லை. பூசியவர்களின் செதில் உதிர்ந்து தோல் மிருதுவாவதை நான் கண்ணால் பார்த்தேன். எப்படி உதிர்கிறது என்று கேட்டால் அப்போது யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இளம் டாக்டர்கள், "இன்னுமா இதைக் குடுக்கறீங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

பொத்திக்கொள்ளாதவர் எங்கள் தோல் டாக்டர் கமலவேணி மேடம். குட்டையான உருவம், கணீரென்ற குரல். உட்கார்ந்து நோயாளி பார்க்கவே மாட்டார். அவர் நாற்காலியில் எப்போதும் கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களை மேற்கு ஜன்னலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் நிறுத்துவார். டியூப்லைட்டைக் காட்டி, "இது பொய் சொல்லும்" என்பார். நோயின் பெயரைக் கேட்கிறவர்களிடம், "பேரு வெக்கறதுக்கு என்ன அவசரம், காது குத்தறதா?" என்று அதட்டுவார். கையுறை தேவைப்படும் இடத்தில் போடுவார், தேவைப்படாத இடத்தில் வேண்டுமென்றே கழற்றிவிட்டுத் தொடுவார். தோல் நோயாளிகளுக்கு மனிதக் கை பட்டே எவ்வளவோ நாளாகியிருக்கும், அதுவும் ஒரு மருந்து என்பது அவர் கட்சி. எனக்கு அவரிடம் பயமும் உண்டு, கொள்ளைப் பிரியமும் உண்டு.

ஒரு கோடைக் காலத்தில்தான் கலைச்செல்வி வந்தாள். எறையூர்ப் பக்கத்திலிருந்து அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். மேடம் ஜன்னலோரம் நிறுத்தி, "எடும்மா" என்றதும் மெதுவாக எடுத்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு கன்னத்திலும், காதுக்குப் பின்னாலும் கேழ்வரகைத் தூவியது போலக் கரும்புள்ளிகள். அவற்றுக்கு நடுவே வெளிர் மஞ்சளாய்ச் சிறு சிறு உருண்டைகள். காது மடல் தடித்திருந்தது. முகப்பரு என்றால் சீழும் சிவப்பும் இருக்கும், இதில் அது அதிகம் இல்லை.

அவளைக் கட்டிக்கொடுத்தது உடையார்பாளையத்துக்கு அருகில் ஒரு கிராமத்தில். அங்கே வைத்தியம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர், காது தடித்தால் குஷ்டம்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மாமியார் முதலில் தனித் தட்டு வைத்தார். பிறகு படுக்கையை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். கடைசியில் கணவனே பஸ் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டான். மூன்று வயதுப் பெண் குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"புள்ள போன்ல அழுவுதுங்க. நேர்ல போனா வாசல்லயே நிறுத்திடறாங்க. தொத்திக்குமாம்" என்றாள் கலைச்செல்வி. குரலில் அழுகைகூட வற்றிப் போயிருந்தது. "குஷ்டம்னா சொல்லிடுங்க டாக்டரம்மா, நான் என்ன பண்ணணுமோ பண்ணிக்கறேன். இல்லன்னா இல்லன்னு எழுதிக் குடுங்க. எம்புள்ளைய வாங்கியாந்துடறேன்."

மேடம் முதலில் கையுறையைக் கழற்றினார். அவளைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை மெல்லிய திரியாக உருட்டிக் கன்னத்திலும் கையிலும் காலிலும் தொட்டார். தொட்ட இடத்தை அவள் ஒவ்வொன்றாய்ச் சரியாகக் காட்டினாள். முழங்கைக்குப் பின்னால் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார், தடிப்பில்லை. காது மடலில் சிறு கீறல் போட்டுச் சோதனைக்கு எடுத்தார்.

"எனக்குப் பாத்த வரைக்கும் குஷ்டம் இல்ல. சோதனையும் வந்துடட்டும். ஒண்ணு கேட்டுக்க. அப்படியே குஷ்டமா இருந்தாலும் மாத்திரை இருக்கு, குணமாயிடும். அதுக்காகப் பெத்தவகிட்டேருந்து புள்ளையப் பிரிக்கறது கிறுக்குத்தனம்." பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, நம்ம தார் களிம்பு இவளுக்கு எப்பவாவது போயிருக்கா?"

நான் மனசுக்குள் மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். தார் தப்பாகப் பூசப்பட்டால் மயிர்க்கால் அடைக்கும் என்று நானே தினமும் ஒப்பிக்கிறவள். அதற்குள் கலைச்செல்வி, "இல்லீங்க, நான் இந்த ஆஸ்பத்திரிக்கே இப்பத்தான் வரேன்" என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

மேடம் விடவில்லை. வீட்டில் ஒயர், டயர் எரிக்கிறீர்களா? இல்லை. வயலுக்கு மருந்து அடிக்கப் போவாயா? இல்லை. முந்திரி உடைக்கிறாயா? எப்போதாவது உடைப்பாளாம், ஆனால் முந்திரிக் கொட்டை ஓட்டின் பால் பட்டால் கை வெந்து தோல் உரியும், இப்படிக் கரும்புள்ளி வராது. பிறகு மேடம், "அம்மா வூட்டுக்கு வந்தப்புறம் புதுசா ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டார்.

கலைச்செல்வி யோசித்தாள். "இல்லீங்க. இருக்கறது போவல. ஆனா புதுசா வரல."

"அப்ப அது உன்கிட்ட இல்ல, அந்த வூட்டுல இருக்கு. அங்க தினமும் நீ மட்டும் செய்யற வேலை எது?"

சமையல் மாமியாரோடு சேர்ந்து. மாடும் அப்படித்தான். கடைசியில், "மாமாவுக்கு முட்டி வலிங்க. ராத்திரி சோறு தின்னதும் நான்தான் கரண்டு எண்ணெய் தேய்ச்சு வுடுவேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். மாமனாருக்குத் தெரிந்த ஒரு பழைய இரும்புக் கடையில் ஓட்டை டிரான்ஸ்பார்மர்களை உடைப்பார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயைக் கேனில் பிடித்துக் கொடுப்பார்கள். வருஷக்கணக்காய்க் கரண்டு ஓடி ஊறிய எண்ணெய் என்பதால் மரத்துப்போன நரம்பில் சுருக்கென்று இறங்குமாம். அந்த ஊரில் முட்டி வலிக்காரர்களுக்கு அதுதான் கைகண்ட மருந்து.

"எப்படித் தேய்ப்ப? உக்காந்து காட்டு" என்றார் மேடம். அவள் ஸ்டூலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, ஸ்டூல் காலையே மாமனார் காலாக நினைத்துத் தேய்த்துக் காட்டினாள். நாலு இழுப்பு இழுத்தவள், வியர்வையைப் புறங்கையால் கன்னத்திலிருந்து வழித்தாள். தொங்கிய முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கிவிட்டாள். மறுபடி தேய்த்தாள். மேடமும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புள்ளிகள் இருந்த இடங்களுக்கெல்லாம் அந்தக் கை போய்வந்துவிட்டது.

அன்று மதியச் சாப்பாட்டின்போது மேடம் எனக்கு அந்த ஏற்பியைப் பற்றிச் சொன்னார். தோலில் மட்டுமல்ல, குடலில், ஈரலில், நுரையீரலில் எல்லாம் அது இருக்கிறதாம். வெளியிலிருந்து வரும் புகையையும் நச்சையும் மோப்பம் பிடிக்கும். நாம் சாப்பிடும் முட்டைக்கோசிலிருந்து பிறக்கும் பொருள்களும், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் செய்யும் பொருள்களும் அதைத் தொடும். அப்படி வரும்போது அது உடம்புக்கு நல்லதே செய்கிறது, குடலின் உள்சுவரைக் காக்கிறது, வீக்கத்தை அடக்குகிறது. "காலிங் பெல் மாதிரின்னு வெச்சுக்கோ. அழுத்திட்டு விரலை எடுத்தா உள்ள இருக்கறவங்க எழுந்து வந்து கதவத் தொறப்பாங்க. ஸ்விட்ச் உள்ளயே மாட்டிக்கிட்டா? வூட்டுல இருக்கறவங்களுக்குப் பைத்தியம் புடிக்கும்" என்றார். தாரும் இதே மணியைத்தான் அழுத்துகிறது, ஆனால் அதில் உள்ள பொருளைத் தோல் தானே உடைத்து வெளியேற்றிவிடும், மணி நின்றுவிடும். பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றில் ஊற்றிய குளோரின் கலந்த எண்ணெயை உடம்பால் எளிதில் உடைக்க முடியாது. அது கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு மணியை அழுத்தியபடியே இருக்கும். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் சுருங்கி, செதில் அடைத்த பைகளாக மாறிவிடும். உள்ளங்கையில் அந்தச் சுரப்பியே கிடையாது, அதனால்தான் அங்கே புள்ளி இல்லை. நீண்ட நாள் போனால் ஈரலையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும்கூடத் தொட்டுப் பார்க்கும். டயாக்ஸின் என்கிற நஞ்சும் இதே வேலையைத்தான் செய்யும் என்றார்.

என் களிம்பு ஏன் வேலை செய்கிறது என்பதை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரே கதவு, ஒரே மணி. அழுத்துகிற விரலைப் பொறுத்து மருந்தும் ஆகிறது, நோயும் ஆகிறது. டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை மறந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். கலைச்செல்வியின் முகம் தெளிந்தது. ஆனால் இரவுக்கு ஒரு களிம்பு, பொறுமையாய் ஊசி முனையால் அடைப்பு எடுப்பது, இரத்தப் பரிசோதனை என்று வருடக்கணக்கில் ஆனது. ஈரல் நன்றாக இருந்தது. கன்னத்தில் சில குழிகள் நிரந்தரமாக நின்றுவிட்டன, அவை அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. சுகாதார ஆய்வாளரை அனுப்பி அந்த ஊரில் வீடு வீடாய் அந்த எண்ணெயை வாங்கி அப்புறப்படுத்தினார்கள். மேடம் படித்த கல்லூரிக்கு அனுப்பிய எண்ணெய் மாதிரியிலும் அவர் சந்தேகப்பட்ட பொருளே இருப்பதாகப் பதில் வந்தது.

ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தவை. அந்தக் கோடையில் எங்கள் முன்னால் இருந்த கேள்வி ஒன்றுதான், குழந்தை தாயிடம் வருமா வராதா என்பது. காதுச் சோதனையில் குஷ்டக் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. அந்தச் சீட்டை நீட்டினால் அந்த வீட்டார் நம்புவார்களா? மாமனாரை நேரில் பார்க்க வேண்டும் என்றார் மேடம். மருமகளுக்காக அவர்கள் வர மாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். மேடம் கலைச்செல்வியின் கணவன் முருகேசனுக்குப் போன் போட்டார். மனைவியின் பேச்சையே எடுக்கவில்லை. "உங்கப்பாவுக்கு முட்டி வலியாமே. தோல் வழியா வைத்தியம் பாக்கற டாக்டர் பேசறேன். அவரக் கூட்டியாங்க, அவரு பூசற எண்ணெயையும் எடுத்தாங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

குடும்பமே வந்தது. மாமனார் ஐயாக்கண்ணு, வாட்டசாட்டமான மனிதர், கையில் எண்ணெய் பாட்டிலைப் பிரசாதம் மாதிரி பிடித்திருந்தார். முருகேசன் அவரைத் தாங்கி வந்தான். மாமியார் இடுப்பில் குழந்தை. ஜன்னலோரம் நின்ற கலைச்செல்வியைப் பார்த்ததும் குழந்தை கையை நீட்டித் துள்ளியது. மாமியார் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனார். கலைச்செல்வி நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்கு அந்த அம்மாளை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"ஐயா, வெளிச்சத்துக்கு வாங்க. வேட்டிய முட்டிக்கு மேல தூக்குங்க" என்றார் மேடம்.

தூக்கினார். இரண்டு முட்டியிலும், கீழே ஆடுசதை வரையிலும் அதே கேழ்வரகு, அதே மஞ்சள் உருண்டைகள். கலைச்செல்வியின் கன்னத்தில் இருந்ததைவிட அடர்த்தியாக.

முருகேசன் வாய் பிளந்துவிட்டான். "என்னப்பா இது?"

பெரியவருக்குக் கூச்சமே இல்லை. "எண்ணெய் கெட்ட நீரையெல்லாம் இழுத்து வெளிய தள்ளுதுடா. தள்ளத் தள்ளத்தான் வலி கொறையும்னு சொன்னாங்க. அதான் கூடக் கொஞ்சம் பூசச் சொல்வேன்."

மேடம் நோயாளியிடம் உட்கார்ந்து பேசியதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பெரியவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எண்ணெயில் என்ன இருக்கிறது, அது எப்படித் தோலுக்குள் போகிறது, தேய்த்துவிட்ட கை எங்கெங்கே போயிற்று என்று நிதானமாகச் சொன்னார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், ஆனால் அவர்களுக்கு ஏறியிருக்காது. காதுச் சோதனைச் சீட்டையும் முருகேசன் கையில் கொடுத்தார். அவன் அதைப் பார்க்காமல் அப்பாவின் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் மட்டும் மெதுவாக, "எல்லாஞ் சரிங்க. ஆனா புள்ளையக் குடுத்தா தொத்திடாதுங்களா?" என்றார்.

மேடம் எழுந்தார். நேராகக் கலைச்செல்வியிடம் போய், அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்து அழுத்தினார். அப்படியே நின்றபடி மாமியாரைப் பார்த்து, "எனக்கும் வூட்டுல பேத்தி இருக்கு. சாயந்தரம் போயி அவளைத் தூக்கத்தான் போறேன்" என்றார்.

மாமியாரின் பிடி தளர்ந்தது. குழந்தை வழுக்கி இறங்கி ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. கலைச்செல்வி தூக்கினாள். குழந்தை அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தது. ஒரு விரலால் கரும்புள்ளி ஒன்றைத் தொட்டது.

"எறும்பா அம்மா?" என்று கேட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் உதட்டைக் குவித்து, அவற்றை ஓட்டிவிட ஃபூ ஃபூ என்று ஊதத் தொடங்கியது.

கலைச்செல்வி சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து பெரிய அழுகையாய் வந்தது. நானும் அழுதேன், மறைக்கவில்லை. முருகேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். வேட்டியை இறக்கக்கூட மறந்து நின்ற ஐயாக்கண்ணு இரண்டு கையையும் கூப்பினார்.

"என் முட்டி வலியத் தீக்க வந்தவள நாங்க கொட்டாயில படுக்க வெச்சுட்டோம்" என்றார். "மனசுல வெச்சுக்காத ஆத்தா. வூட்டுக்கு வந்துடு."

எல்லோரும் அவளைப் பார்த்தோம். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அந்த முந்தானையை மறுபடி முகத்தின் மேல் போடாமல் இடுப்பில் செருகினாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"வரேன் மாமா" என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "ஆனா இனிமே உங்க முட்டிய உங்க மவன் தேய்க்கட்டும்."